ஒரு லோகோவுக்கு இவ்வளவு பணமா?

 இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டவர்களைக் கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிடுவேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

2004-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறாள். அவளையும் சேர்த்து மூன்று பேர். போன வாரம் போன் செய்தாள். செக்கு எண்ணெய் வியாபாரி ஒருவருக்கு லோகோ, டின் லேபிள், கடைப் பலகை, பில் புத்தகம் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள். இரண்டு மாத வேலை. பாதிப் பணம் முன்னாலேயே வந்துவிட்டது. மீதியைக் கேட்டபோது, "ஒரு யானைப் படத்துக்கு இவ்வளவாம்மா? என் மச்சான் பையன் செல்போன்லயே அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுக்கிறான்" என்றாராம். அந்தப் பணத்தை நம்பித்தான் கூட வேலை பார்க்கும் இருவருக்கும் சம்பளம் சொல்லி வைத்திருந்தாள்.

பெயர், ஊர் சொல்லாமல் இதை நம் குடும்பக் குழுவில் போட்டேன். பாதிப் பேர் வியாபாரி பக்கம் நின்றீர்கள்! "அவர் கேக்கிறது நியாயம்தானே பெரியம்மா, ஒரு படம்தானே?" என்றான் என் தங்கை மகன். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் பிறந்த நீங்களெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே லேபிள் படித்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போய் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு, மறுநாள் விரலில் பசை காய்ந்திருக்க வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையைப் பல முறை சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக லித்தோ அச்சகம் வளர்ந்தது. பிறகு அதே அச்சகங்கள் நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தன.

குச்சி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், பெட்டியும் ஒரே அளவுதான். அப்புறம் எதைச் சொல்லிக் கேட்பது? படத்தைச் சொல்லித்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகூடக் கடையில் நின்று "அந்த அணில் போட்டதைக் குடு" என்று கறாராகக் கேட்டு வாங்கினாள். மார்க் என்ற சொல்லுக்கு நம் ஊரில் அர்த்தமே அதுதான். ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அதே நிறத்தில், அதே சாயலில் இன்னொன்று கிளம்புவதும் நமக்குப் புதிதில்லை.

அந்தக் காப்பியடிக்கும் தொல்லை உலகம் முழுவதும் இருந்தது. அதனால்தான் இங்கிலாந்தில் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1876 ஜனவரி 1 அன்று பதிவேடு திறந்தது. முதல் எண்ணில் பதிவானது பாஸ் என்ற பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். வெறும் முக்கோணம்தான், பூவும் இல்லை, சிங்கமும் இல்லை. மானே என்ற பிரெஞ்சு ஓவியர் 1882-இல் வரைந்து முடித்த பாரிஸ் மதுக்கடை ஓவியம் ஒன்று மிகப் பிரபலம். அதில் மேசை மேல் இருக்கும் பாட்டில்களில் இந்தச் சிவப்பு முக்கோணத்தைப் பார்க்கலாம். எழுத்தைப் படிக்காமலேயே என்ன பாட்டில் என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சரக்குக்கு ஒரு படம் என்ற கணக்கு. ஒரு கம்பெனி ஆயிரம் விதமான சரக்குச் செய்தால்? அந்தச் சரக்கைக் கண்ணாலேயே பார்க்க முடியாவிட்டால்? என் மாணவி செய்யும் தொழில் அங்கேதான் பிறந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

ஜெர்மனியில் எமில் ராத்தெனாவ் என்ற எஞ்சினியர் இருந்தார். 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் எடிசனின் விளக்கைப் பார்த்து, அதன் உரிமையை வாங்கி 1883-இல் பெர்லினில் ஒரு கம்பெனி தொடங்கினார். 1887-இல் அதற்கு ஏ.இ.ஜி. என்று பெயர் வந்தது. பல்பு, மின்விசிறி, மோட்டார், கெட்டில் தொடங்கி மின்நிலையத்துக்கான ராட்சத டர்பைன் வரைக்கும் செய்தார்கள். அன்றைக்கு வீடுகளில் எரிந்துகொண்டிருந்தது வாயு விளக்கு. மின்சாரம் புதுசு. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் ஆளையே அடிக்கும். அப்படி ஒன்றை வீட்டுக்குள் விட ஒரு குடும்பத் தலைவி எதை நம்பிச் சம்மதிப்பாள்? கம்பெனியை நம்பித்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் விளக்கு ஒரு விதம், கேட்டலாக் இன்னொரு விதம், கட்டடம் மூன்றாவது விதம். 1900-இல் செய்த சின்னத்தில் எழுத்துகள் கொடி மாதிரி வளைந்து நெளிந்திருக்கும். அந்தக் காலத்து அழகு அது.

1907-இல் பீட்டர் பேரென்ஸ் என்பவரைக் கலை ஆலோசகராக நியமித்தார்கள். அவர் ஓவியராகத் தொடங்கியவர். 1901-இல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டி, கதவிலிருந்து மேசைக் கரண்டி வரை எல்லாவற்றையும் தானே வடிவமைத்தவர். ஒரு வீட்டில் செய்ததைத்தான் இப்போது ஒரு பெரிய கம்பெனியில் செய்தார்.

என்ன செய்தார் என்று கேளுங்கள். வளைவு நெளிவுகளை எடுத்துவிட்டார். ஆறு பக்கக் கட்டங்களுக்குள் மூன்று எழுத்துகளையும் தேனடை மாதிரி அடுக்கினார். அன்றைக்கு ஜெர்மனியில் கொம்பும் முள்ளுமான பழைய எழுத்து வடிவமே அதிகம் புழங்கியது. அவர் தெளிவான ரோமன் எழுத்து வகை ஒன்றைத் தானே உருவாக்கினார். விளம்பரம், விலைப்பட்டியல், கண்காட்சி அரங்கு எல்லாம் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன. அதோடு நிற்கவில்லை. தெருவிளக்கு, மின்விசிறி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்தார். 1909-இல் வந்த மின்சாரக் கெட்டிலைப் பாருங்கள்: சில வடிவங்கள், சில உலோகப் பூச்சுகள், சில அளவுகள், பொதுவான சில பாகங்கள். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தே பல வகை கெட்டில். தொழிற்சாலைக்குச் செலவு குறைவு, வாங்குகிறவருக்குத் தெரிவு அதிகம், எதைப் பார்த்தாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கும்.

அதே 1909-இல் பெர்லினில் டர்பைன் தொழிற்சாலைக் கட்டடம் எழுந்தது. எஞ்சினியர் கார்ல் பேர்ன்ஹார்டோடு சேர்ந்து பேரென்ஸ் கட்டிய இரும்பும் கண்ணாடியுமான பிரம்மாண்டக் கூடம். அதன் நெற்றியில், கோயில் முகப்பில் தெய்வத்தை வைப்பது போல, அந்தத் தேனடைச் சின்னத்தை வைத்தார். கட்டடம் இன்றும் நிற்கிறது. கெட்டிலில் பார்த்ததையே கட்டடத்திலும் பார்க்கும்போது, "இவன் பெரிய ஆள், இவன் சரக்கை நம்பலாம்" என்று மனசு தானாகச் சொல்லும். ஒரு நிறுவனத்துக்கு முழுமையான அடையாளம் செய்து கொடுத்த முதல் ஆள் என்று டிசைன் வரலாற்று நூல்களில் பேரென்ஸ் பெயர் வருவது இதனால்தான். அவருடைய அலுவலகத்தில் இளைஞர்களாக வேலை பார்த்தவர்கள் யார் தெரியுமா? வால்டர் குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோ, லெ கொர்பூசியே. கட்டடக்கலை படித்த என் மாணவர்கள் இந்த மூன்று பெயரையும் பார்த்து நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த அதே கொர்பூசியேதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஏ.இ.ஜி. கம்பெனி பிற்காலத்தில் நொடித்துப் போய், கைமாறி, 1996-இல் இல்லாமலே போய்விட்டது. ஆனால் பெயர் போகவில்லை. இன்றும் எலக்ட்ரோலக்ஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம் அந்தப் பெயரைப் போட்டு வாஷிங் மெஷின் விற்கிறது. ஆள் போன பிறகும் கையெழுத்து செல்லுபடியாகிறது.

பேரென்ஸ் வழியை அமெரிக்காவில் பெரிதாக எடுத்துச் சென்றது ஐ.பி.எம். தாமஸ் வாட்சன் ஜூனியர் நியூயார்க்கில் நடந்து போகும்போது ஒலிவெட்டி என்ற இத்தாலியக் கம்பெனியின் டைப்ரைட்டர் கடையைப் பார்த்தார். அவ்வளவு அழகான கடையைப் பார்த்ததும் தன் கம்பெனியின் தோற்றம் அவருக்கு உறுத்தியது. அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த 1956-ஆம் ஆண்டில் எலியட் நாய்ஸ் என்ற கட்டடக்கலைஞரை ஆலோசகராக வைத்தார். நாய்ஸ் ஒவ்வொரு வேலைக்கும் சரியான ஆளைப் பிடித்தார். எழுத்துக்கும் சின்னத்துக்கும் பால் ராண்ட், கட்டடத்துக்கு ஈரோ சாரினென், படத்துக்கும் கண்காட்சிக்கும் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி. 1961-இல் வந்த செலக்ட்ரிக் டைப்ரைட்டரை நாய்ஸே வடிவமைத்தார்.

ராண்ட் முதலில் செய்தது பார்ப்பதற்கு மிகச் சின்ன வேலை. மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றினார். மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஆங்கில எழுத்துகளில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் எழுத்து ஒல்லி, இரண்டாவது கொஞ்சம் பருமன், மூன்றாவது ரொம்ப அகலம். படிக்கும்போது ஒரு பக்கமாக வண்டி சாய்கிற மாதிரி இருக்கும். அதனால் எழுத்துகளின் மேல் குறுக்குக் கோடுகள் ஓடவிட்டார். கோடு மூன்றையும் இழுத்துக் கட்டிவிட்டது. 1972-இல் வந்த எட்டுக் கோட்டு வடிவம் இன்னும் மாறவில்லை. 50 வருடத்துக்கு மேல் ஒரு சட்டை கிழியாமல் இருந்தால் தையற்காரருக்குக் கொடுத்த கூலி அதிகமா, குறைவா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கூலி என்றதும் அடுத்த கதைக்கு வருகிறேன். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆப்பிளை விட்டு வெளியே வந்து நெக்ஸ்ட் என்ற கம்பெனி தொடங்கியிருந்தார். இதே ராண்டிடம் போய் லோகோ கேட்டார். கட்டணம் 1,00,000 டாலர். "சில மாதிரிகள் காட்டுவீர்களா, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன்" என்று ஜாப்ஸ் கேட்டாராம். ராண்ட் மறுத்துவிட்டார். உங்கள் பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பணம் மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்றாராம். ஜாப்ஸே பின்னால் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் இது. 28 டிகிரி சாய்ந்த ஒரு கறுப்புப் பெட்டியைச் சின்னமாகக் கொடுத்தார் ராண்ட். ஏன் சாய்வு, ஏன் அந்த எழுத்து, ஏன் அந்த நிறம் என்று படிப்படியாக விளக்கும் புத்தகத்தையும் கூடவே கொடுத்தார். டாக்டர் மாத்திரையோடு நோயையும் விளக்கிச் சொல்கிற மாதிரி.

என் தங்கை மகன் சும்மா இருக்க மாட்டான். "நைக்கி லோகோ 35 டாலர்தானே பெரியம்மா?" என்பான். உண்மைதான். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி வரைந்து கொடுத்தது. கம்பெனித் தலைவர் பில் நைட்டுக்கு அது அப்போது பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. 1983-இல் அந்தப் பெண்ணை அழைத்து, சின்னம் பதித்த மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், லட்சம் டாலர் கொடுத்த நெக்ஸ்ட், கம்ப்யூட்டர் விற்பதை 1993-இல் நிறுத்திவிட்டது. ஆக, கட்டணத்துக்கும் வெற்றிக்கும் நேர்க்கோடு போட முடியாது. சின்னம் ஒரு காலிக் குடம். அதில் தண்ணீர் ஊற்றுவது சரக்கின் தரமும் வருடங்களும். ராண்டே இந்தக் கருத்தை எழுதியிருக்கிறார். ஆனால் குடம் ஒழுகக்கூடாது அல்லவா? ஒழுகாத குடம் செய்யத்தான் கூலி.

குடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மேலே சொன்ன ஈம்ஸ் தம்பதி நம் அரசு அழைத்ததன் பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958-இல் ஒரு அறிக்கை எழுதினார்கள். அதில் அவர்கள் மெய்மறந்து பாராட்டியது நம் வீட்டுச் செம்பை! பிடிப்பதற்கும், ஊற்றுவதற்கும், இடுப்பில் வைப்பதற்கும், கழுவுவதற்கும் எத்தனை தலைமுறை யோசித்திருந்தால் இந்த உருவம் வந்திருக்கும் என்று வியந்தார்கள். அந்த அறிக்கையின் வழியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது.

அங்கிருந்து வந்தவர்தான் சேகர் காமத். 1971-இல் பாரத ஸ்டேட் வங்கிக்கு நீல வட்டத்தைக் கொடுத்தவர். அந்த வங்கியின் வேரில் நம் மெட்ராஸும் உண்டு. 1843-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் வங்கிகளோடு 1921-இல் சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆனது. அது 1955-இல் ஸ்டேட் வங்கி ஆனது. பழைய சின்னம் ஆலமரம். நல்ல கருத்துதான், விழுதும் கிளையுமாக வளரும் வங்கி. ஆனால் ஆலமரத்தை ஒரு ரப்பர் ஸ்டாம்பில் வைத்து, மை அதிகமாகத் தொட்டு, பாஸ்புக்கில் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். மரம் போய் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். காமத் கொடுத்த வட்டத்தில் ஒரு சின்னத் துவாரமும், கீழே ஒரு கோடும் மட்டும்தான். ஸ்டாம்பிலும் தெரியும், நெடுஞ்சாலையில் ஓடும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் தெரியும். ஒருவர் சாவித் துவாரம் என்பார், இன்னொருவர் அகமதாபாத் ஏரி என்பார், அது அவரவர் இஷ்டம். 2017-இல் திருவாங்கூர் வங்கி முதலிய துணை வங்கிகள் ஸ்டேட் வங்கியோடு இணைந்தபோது, நாகர்கோவிலில் இருக்கும் நம் மதினி "பெயர்தான் மாறிச்சு, வட்டம் அதேதான்" என்று நிம்மதியாக இருந்தார். துணை வங்கிகளும் அந்த வட்டத்தையே வைத்திருந்தன.

பழசை மாற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சு ஜூஸ் அட்டைப்பெட்டியில், ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்திய படம் பல வருடங்களாக இருந்தது. 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, நவீனமாக ஒரு கண்ணாடித் தம்ளர் ஜூஸ் படம் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் இறங்கியது. பிப்ரவரி கடைசியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். உள்ளே இருந்த ஜூஸ் அதேதான். கடை அலமாரியில் கண் பழைய பழத்தைத் தேடியது, கிடைக்கவில்லை.

இப்போது நம் யானைக்கு வருகிறேன். என் மாணவி இரண்டு மாதம் என்ன செய்தாள் என்று கேட்டேன். முதல் இரண்டு வாரம் ஒரு கோடுகூட வரையவில்லையாம். செக்கில் போய் உட்கார்ந்திருக்கிறாள், சுற்றியுள்ள கிராமக் கடைகளில் நின்று எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறாள். யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. "மஞ்ச டின் யானை எண்ணெய்" என்றுதான் கேட்டார்கள். ஆனால் டின்னில் ஒரு யானை, துணிப்பையில் வேறு யானை, பில்லில் மூன்றாவது யானை! ஒன்று துதிக்கை தூக்கியிருக்கிறது, ஒன்று தொங்கவிட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அச்சகத்தில் கொடுத்ததன் விளைவு.

புதிதாக ஏதாவது போடலாம் என்ற வியாபாரியின் ஆசைக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. மஞ்சளையும் யானையையும் காப்பாற்றினாள். தாத்தா காலத்து டின்னில் இருந்த துதிக்கை தூக்கிய யானையை எடுத்து, கோடுகளைக் குறைத்து, சின்ன பாட்டில் மூடியிலும் தெரிகிற மாதிரி செய்தாள். சமையல் எண்ணெய் வணிகச் சின்னப் பதிவில் 29-ஆம் வகுப்பில் வருகிறது. அந்த வகுப்பில் ஏற்கெனவே எத்தனை யானைகள் இருக்கின்றன என்று பதிவேட்டைத் தேடிப் பார்த்து, அவற்றோடு முட்டாதபடி காதையும் தந்தத்தையும் மாற்றினாள். எந்த மஞ்சள், எவ்வளவு இடைவெளி, எந்த எழுத்து என்று பத்துப் பக்கத்தில் விதி எழுதிக் கொடுத்தாள், இனி எந்த அச்சகத்துக்குப் போனாலும் ஒரே யானை வர வேண்டும் என்று. பேரென்ஸ் பெர்லினில் செய்ததும் இதுதான், அளவு மட்டும்தான் வேறு. மச்சான் பையனின் செல்போன் யானை வரைந்துவிடும், சந்தேகமில்லை. எந்த யானையை வரைய வேண்டும் என்று சொல்ல, யாராவது அந்தக் கிராமக் கடை வாசலில் போய் நிற்க வேண்டுமே.

வியாபாரியையும் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் பட்டது கடைசியில் வந்த படம் மட்டும். அதனால் அவளிடம், மூன்று பழைய யானைகளையும் ஒரே தாளில் ஒட்டி, பக்கத்தில் புது யானையை வைத்து, நேரில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை போகிறாள்.

சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு தகவல். வணிகச் சின்னப் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையத்திலேயும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். நம் சொந்தத்திலேயே மசாலாப் பொடி, அப்பளம், முறுக்கு என்று நல்ல பெயர் எடுத்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ 1970, 80-களின் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், எண்ணெய் டின் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊர், யார் வீட்டுத் தொழில், யார் வரைந்தது என்று தெரிந்ததையும் எழுதுங்கள். அந்த லேபிள்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் அச்சாகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்